சத்திய மெஷின்

போன மாதம் பிரஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான் ஒரு காலம் வேலை செய்த மனநலப் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளை ஒருத்தி என்னைக் கண்டுவிட்டு, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் காக்கா, காக்கா என்று ஓடி வந்தார். மணிக்கட்டை நீட்டி, கறுப்பு றப்பர் பட்டி போட்ட ஒரு கடிகாரத்தைக் காட்டினார்.

"காக்கா, இங்க பாருங்க. எனக்கு இப்ப எவ்வளவு ஸ்ட்ரெஸ் இரிக்கி என்டு இது சொல்லுது. தோலாலதான் அளக்குதாம். உங்கட காலத்தில இதுக்கு ஒரு மெஷின் இரிந்திச்சாமே?"

"கை கழுவினீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். வயதான மனுசன் பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பார். பிரிவில் ஒரு நினைவு மலர் போடப் போகிறார்களாம், ஓய்வு பெற்றவர்களின் அனுபவமும் வேண்டுமாம். "நல்ல நல்ல விசயமா எழுதித் தாங்க காக்கா" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். நல்ல விசயமாக எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

நான் டொக்டர் இல்லை, தாதியும் இல்லை. ஈசிஜி எடுக்கிற ஆள். கொழும்பில் பயிற்சி, ஊர் ஊராக ஐந்தாறு ஆஸ்பத்திரி, பிறகு ஒரு மாதிரி வீட்டுக்குக் கிட்ட வந்து சேர்ந்தது, கலியாணம், பிள்ளைகள். இதை விரித்து எழுதினால் எழுதுகிற எனக்கே நித்திரை வரும். ஆயிரக்கணக்கான நெஞ்சுகளில் வயர் ஒட்டிக் கழற்றியிருக்கிறேன். அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. இதயம் துடித்தால் கோடு வரும், துடிக்காவிட்டால் வராது. இடையில் யாரும் விளக்கம் சொல்ல வருவதில்லை.

பிறகுதான் மனநலப் பிரிவுக்குப் புதிய டொக்டர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர். வரும்போதே ஒரு மெஷினையும் தனக்குத் தெரிந்த ஆட்களிடம் கேட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதை இயக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஈசிஜி அறையில் என் பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு வடிவா எழுதுற ஆள் யார்?" என்று கேட்டாராம். என் கையெழுத்தை நம்பி என்னை எடுத்தார். இதைச் சொல்லி அந்த நாளில் நான் எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

மெஷின் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். அதிலிருந்து இரண்டு வயர், ஒவ்வொரு வயரின் நுனியிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளித் தகடு. தகட்டில் கொஞ்சம் உப்புக் களிம்பு பூசி, இடது கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் வைத்துப் பட்டியால் சுற்ற வேண்டும். எழுதுகிற, மண்வெட்டி பிடிக்கிற கையில் தோல் காய்த்திருக்கும் என்பதால்தான் இடது கை. மனுசனுக்குப் பயம் வந்தால் விரல் வேர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு என்றாலும் வேர்க்கும். வேர்வை இருந்தால் மின்சாரம் இலகுவாக ஓடும், கணினித் திரையில் கோடு ஏறும். பயம் அடங்கினால் கோடு மெல்ல இறங்கும். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. சிலருக்கு எவ்வளவு பயந்தாலும் விரல் வேர்க்காது என்றும் மெஷினோடு வந்த புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் வாசித்தேன். டொக்டரும் வாசித்திருக்கத்தான் வேண்டும்.

ஆளைக் கதிரையில் இருத்தி, பத்து நிமிடம் ஒன்றும் கேட்காமல் விட வேண்டும். பிறகு ஒரு முறை ஆழமாக மூச்சு எடுக்கச் சொல்ல வேண்டும். மூச்சுக்குக் கோடு கொஞ்சமாவது அசைய வேண்டும். அசையாவிட்டால் தகடு சரியாகப் படவில்லை, அல்லது தோல் சரியில்லை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கே அசையாத கோட்டை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது.

டொக்டர் கெட்ட மனுசன் என்று நான் சொல்ல மாட்டேன். காலை எட்டு மணிக்கு முதல் வந்துவிடுவார். நோயாளியை எழுந்து நின்று வரவேற்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது மறுத்துப் பேசினால் கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, திரும்பப் போடுவார். அவ்வளவுதான். அதற்குள் எதிரில் நிற்கிறவருக்குத் தான் சொன்னது முட்டாள்தனம் என்று பட்டுவிடும். கத்துகிற ஆளோடு சண்டை பிடிக்கலாம். கண்ணாடி துடைக்கிற ஆளோடு என்ன செய்வது?

தொடக்கத்தில் நல்ல காரியமும் நடந்தது. நற்பிட்டிமுனையிலிருந்து ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் வந்தார். பாலத்தில் ஏறினால் நெஞ்சு அடைக்கும், ஓட்டோவை நடுப்பாலத்தில் விட்டுவிட்டு இறங்கி ஓடிவிடுவார். அவரைத் திரைக்கு முன்னால் இருத்தி, மூச்சை மெல்ல விடச் சொல்லி, கோடு இறங்குவதை அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தோம். ஆறேழு தடவை வந்தார். ஒரு நாள் பாலத்துக்கு அங்காலிருந்து டெலிபோன் எடுத்து, "ஐயா, நான் இஞ்சால வந்திட்டன்!" என்று கத்தினார். டொக்டர் அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அந்த மெஷின் அந்த வேலைக்கு மட்டும் இருந்திருக்கலாம்.

ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலுக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போது, புதிய வேலை எப்படி என்று ஆட்கள் கேட்பார்கள். நான் அந்த வயரையும் தகட்டையும் கையால் காட்டி விளக்குவேன். ஒரு நாள், "வாயால என்னத்தையும் சொல்லலாம். எங்கட மெஷின்ல கைய வெச்சா உள்ளுக்குள்ள இரிக்கிறது வெளிய வந்திரும்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "அப்ப அது சத்திய மெஷின் என்டு சொல்லுங்களன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோசமாக இருந்தது. அந்தப் பெயர் ஒரு மாதத்துக்குள் மருதமுனையிலிருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் போய்விட்டது.

எங்கள் ஆட்களுக்குச் சத்தியம் என்றால் விளையாட்டு இல்லை. குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் பண்ணப் போகிறவர் வுழூ இல்லாமல் போக மாட்டார். தொழுகைக்கு முன்னால் செய்வது போல முகம், முழங்கை வரைக்கும் கை, கால் எல்லாம் கழுவிச் சுத்தமாகித்தான் போவார். சத்திய மெஷினுக்கும் அப்படியே வரத் தொடங்கினார்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை. நிந்தவூரிலிருந்து ஒரு போடியார் வந்தார், நிறைய வயல் உள்ள பெரிய மனுசன். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே, தொழுகைக்குத் திசை கேட்கிற மாதிரி, "தம்பி, கிப்லாவைப் பார்த்தா இரிக்கிற, இல்லாட்டி எந்தப் பக்கமும் இரிக்கலாமா?" என்று கேட்டார்.

"எந்தப் பக்கமும் இரிக்கலாம் ஹாஜியார். இது ஆஸ்பத்திரிதானே."

"இல்ல, நான் வுழூவோடதான் வந்திரிக்கன். தாராளமாக் கேளுங்க."

தகட்டை வைத்துப் பார்த்தேன். கோடு விறைத்துப்போய்க் கிடந்தது. மூச்சு எடுக்கச் சொன்னேன், அசையவில்லை. பிறகு கவனித்துப் பார்த்தால், கிளினிக் வாசலில் உள்ள பைப்படியில் சவர்க்காரமும் போட்டுக் கழுவிவிட்டு நேரே உள்ளே வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். விரலில் இருந்த உப்பும் போய், தோலும் மாறிப்போய், ஏசி அறைக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. இதெல்லாம் போதாது என்று டொக்டரின் கட்டளைப்படி நான் வேறு ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன். சவர்க்காரமும் ஸ்பிரிட்டும் கூடாது என்று புத்தகத்திலேயே இருந்தது. டொக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"மிஸ்டர் ஹனிபா, சுத்தமான கை நல்லதுதானே?" என்றார்.

"இல்ல சேர், புத்தகத்தில..."

"அது மெஷின் விற்கிறவன் எழுதின புத்தகம்."

கண்ணாடியைக் கழற்றினார். நான் என் அறைக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஆட்கள் வந்தால் மட்டும், ஒரு மணித்தியாலம் வெளியில் வெயிலில் இருந்துவிட்டு வாருங்கள் என்று இரகசியமாகச் சொல்லிவிடுவேன். தெரியாத ஆட்களுக்குச் சொல்லவில்லை.

அப்படி எனக்குத் தெரியாத ஆளாக வந்தவர் ஒரு டீச்சர். பெயரை எழுத மாட்டேன். அட்டாளைச்சேனைப் பக்கம். பயிற்சி முடித்து, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு பாடசாலைக்கு முதல் நியமனம் கிடைத்திருந்தது. அங்கே அதிபர் அவரைக் கையெழுத்து வாங்க என்று அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்திருக்கிறார். ஒரு தடவை இல்லை. டீச்சர் துணிந்து முறைப்பாடும் கொடுத்திருக்கிறார். சாட்சி இல்லை என்று அதை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாடசாலைக் கேற்றைக் கண்டாலே கை கால் உதறி, வாந்தி வந்து, பஸ்ஸிலிருந்து இறங்காமலே திரும்பி வந்திருக்கிறார். மருத்துவக் காரணத்தில் இடமாற்றம் கேட்டார். அதைப் பார்க்கிற குழு எங்கள் டொக்டரிடம் ஒரு அறிக்கை கேட்டது. அந்தப் பிள்ளைக்கு மிச்சம் இருந்த வழி அந்த ஒரு கடதாசிதான்.

பகல் பன்னிரண்டரைக்கு நேரம் கொடுத்திருந்தோம். உம்மாவோடு வந்தார். உம்மா வெளியில் மர வாங்கில் உட்கார்ந்துகொண்டார். டீச்சர் உள்ளே வரும்போது அபாயாவின் கைப்பகுதி இரண்டும் முழங்கை வரை நனைந்திருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"டீச்சர், கை கழுவினீங்களா?"

"ஓம் காக்கா. வுழூ எடுத்திட்டுத்தான் வந்தன். உண்மையத்தானே சொல்லப் போறன்."

அந்த நேரம் டொக்டர் உள்ளே வந்தார். ஒரு மணித்தியாலம் கழித்து எடுப்போம் சேர் என்று மெதுவாகச் சொன்னேன். இரண்டு மணிக்குத் தனக்குக் கூட்டம் இருக்கிறது என்றார். தன் கையாலேயே ஸ்பிரிட் பஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் துடைத்தேன். அந்த இரண்டு விரல்களும் தண்ணீரில் கிடந்த மாதிரிக் குளிர்ந்து, வெளிறிப்போயிருந்தன. தகட்டை வைத்துச் சுற்றினேன். பத்து நிமிடம் விட்டோம். மூச்சு எடுக்கச் சொன்னேன். கோடு அசையவில்லை.

"சேர்" என்றேன்.

"தொடருங்க" என்றார்.

முறை என்னவென்றால், டொக்டர், கணினித் திரை மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாசிப்பார். ஒரு சொல்லுக்கும் மற்றச் சொல்லுக்கும் இடையில் அரை நிமிடம். நான் திரையில் அந்த இடத்தை அடையாளம் போட வேண்டும். கிணறு என்றார். சட்டி என்றார். வேலி. பிறகு பாடசாலை. கேற். அதிபர். கதவு.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். உதடு மட்டும் அசைந்தது, அல்லாஹ்வை நினைத்துத் திக்ர் ஓதுகிறார். "அதிபர்" என்ற சொல்லுக்கு அவருடைய கால்கள் இரண்டும் நடுங்கத் தொடங்கின. கதிரையின் கால் தரையில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "கதவு" என்றதும் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முக்காட்டில் இறங்கியது. திரையில் கோடு படுத்தே கிடந்தது. தடுப்புக்குப் பின்னால் இருந்த டொக்டருக்குத் தெரிந்தது கோடு மட்டும்தான். காலையும் கண்ணையும் பார்த்த ஒரே ஆள் நான்.

பதிவுத் தாளின் அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில், "கைகள் சற்று முன் சவர்க்காரத்தால் கழுவப்பட்டவை. ஆழ்ந்த மூச்சுக்கும் கோடு அசையவில்லை. சொற்களின்போது கால்கள் நடுங்கின, அழுதார்" என்று எழுதினேன். என் வடிவான கையெழுத்தில்தான். டொக்டர் அதை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"மிஸ்டர் ஹனிபா, காலை யாரும் வேணுமென்றே நடுக்கலாம். அழுகிறதும் அப்படித்தான். அதுக்காகத்தானே மெஷின் வெச்சிருக்கிறம்? கோடு சொல்றதை மட்டும் எழுதி, வேற தாள் ஒன்று தாங்க."

நான் அதே இடத்தில் மறுத்திருக்கலாம். தாளைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம். குழுவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அந்த வாரம்தான் இந்தியாவில் இரண்டு மாதப் பயிற்சிக்கு என் பெயரை டொக்டர் சிபாரிசு செய்திருந்தார். வீட்டில் சூட்கேஸ்கூட வாங்கியாயிற்று. இதை ஒரே ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை, மனைவிக்குக்கூட. வேறு தாள் எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டேன். கீழே "பதிவு செய்தவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"பதகளிப்புக்கு உடலியல் சான்று எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை போனது. பதகளிப்பு என்றால் மனப்பதற்றம், அறிக்கைகளில் எழுதுகிற சொல். இடமாற்றம் இல்லை என்று பதில் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அப்போது நான் இந்தியாவில் இருந்தேன். நல்ல பயிற்சிதான். முதல் நாளே ஒரு அம்மா வகுப்பில், கழுவிய கையை அளக்காதீர்கள் என்று கரும்பலகையில் எழுதினார். நான் அதைக் கொப்பியில் வடிவாக எழுதிக்கொண்டேன்.

திரும்பி வந்து கொஞ்ச நாளில் தகடுகள் கறுத்துப்போயின. புதியது கேட்டு எழுதினோம், வரவில்லை. டொக்டர் மறுபடியும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். மெஷின் பழைய கோப்புகளோடு ஒரு அலுமாரிக்குள் போனது. நான் மிச்சக் காலத்தை ஈசிஜி அறையில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றேன். பிரியாவிடையில் என் நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். எனக்குக் கூசியது. மாலையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சரை மறுபடி கண்டது மூன்று வருடத்துக்கு முன்னால். கல்முனையில் கண் கிளினிக் வரிசை. எனக்குப் பக்கத்து வாங்கில் ஒரு பெண் திருத்துகிற கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தலைமயிர் முன்பக்கம் நரைத்து முக்காட்டுக்கு வெளியில் தெரிந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் கேட்டார்.

"நீங்க அந்த மெஷின் காக்காதானே?"

எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஓம் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அந்தப் பாடசாலையில் இன்னும் ஐந்து வருடம் படிப்பித்தாராம், அந்த அதிபர் பென்ஷனில் போகும் வரைக்கும்.

"ஒவ்வொரு நாளும் கேற்றடியில நிண்டு எனக்கு நானே சொல்லுவன் காக்கா. உனக்குப் பயமில்ல, மெஷினே சொல்லிப்போட்டு, நீ நடிக்கிறாய் என்டு. உம்மாவும் அப்படித்தான் சொல்லுவா. மெஷின்ல கூட வரல்லயே மகள், மறுகா ஏன் இந்தப் பாடு படுத்துறாய் என்டு. மௌத்தாகும் வரைக்கும் உம்மா அதைத்தான் நம்பினா. நானும் நம்பினன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவிய கை, ஸ்பிரிட், மூச்சுக்கு அசையாத கோடு, நான் எழுதிய முதல் தாள், அதை மாற்றி எழுதிய இரண்டாவது தாள், சூட்கேஸ். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். அவர் மடியில் இருந்த கொப்பிகளை மூடி அடுக்கினார்.

"அப்ப, வுழூ எடுத்ததுதான் பிழையா காக்கா?"

"இல்ல டீச்சர். அல்லாஹ்வுக்காக அப்படி நினைக்காதீங்க. கழுவின கைய அளந்தது எங்கட பிழை. தெரிஞ்சிக்கிட்டே எழுதாம விட்டது என்ட பிழை."

"அதை எழுதித் தாங்க."

"யாருக்குக் காட்ட? அந்தக் குழுவும் இப்ப இல்லயே."

"ஒருத்தருக்கும் காட்ட இல்ல. எனக்குத்தான்."

"நான் பென்ஷன்ல வந்திட்டன் டீச்சர். என்ட கையெழுத்துக்கு இப்ப ஒரு மதிப்பும் இல்ல."

"அண்டைக்கு இரிந்திச்சே" என்றார்.

ஒரு கொப்பியின் நடுத்தாளைக் கழற்றிப் பேனாவோடு தந்தார். வரிசை நகர்ந்தது, என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போகவில்லை. அந்த நாளில் எடுத்த பதிவு பிழையானது, கால்கள் நடுங்கியதையும் அழுததையும் நான் கண்ணால் கண்டேன், அவருக்குக் கடுமையான பதகளிப்பு இருந்தது என்று எழுதி, பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். வயதான கை, எழுத்து வடிவாக வரவில்லை. அவர் வாங்கி ஒரு தடவை வாசித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

"பதகளிப்பு வேணாம் காக்கா. பயம் என்டு போடுங்க."

வெட்டிவிட்டுப் பயம் என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.